நெற்றியில் கரிசல்

இலை போட்டாயிற்று. பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை, தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு உப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான், அந்த நேரம் பார்த்துத்தான் என் புத்தி மேயக் கிளம்பிவிடும். எதிரே பந்தல் துணி முடிகிற இடத்துக்கு மேலே அணை தெரிகிறது. அணை என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், மற்றவர்களுக்கு அது புல் முளைத்த நீளமான ஒரு மேடு, அதற்குப் பின்னால் மலை. மஞ்சணத்தி ஓடை அணை. மண் அணை. அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் தை மாதத்துத் தண்ணீர் கிட்டத்தட்ட நிரம்பி நிற்கிறது, அது இங்கிருந்து தெரியாது, தெரியாதது நல்லது, தெரிந்தால் நாம் தண்ணீருக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று இந்தப் பந்தியில் யாருக்காவது தோன்றும். எனக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அணைகளைப் பார்த்து அவற்றின் நிலைக்கு மதிப்புப் போடுகிற வேலை, நன்று, பரவாயில்லை, மோசம், மிக மோசம், இந்த நாலில் ஒன்று. பார்த்துப் பார்த்து இப்போது எதைப் பார்த்தாலும் அதுதான் வாயில் வருகிறது. இலை நுனி கிழிந்திருக்கிறது, பரவாயில்லை. பந்தல்கால் ஒன்று சாய்ந்து நிற்கிறது, மோசம். என் வீட்டுக்காரர் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து யாரிடமோ அரசியல் பேசுகிறார், வேட்டி மடிப்புக் கலையவில்லை, நன்று. வீட்டுக்கு வந்தால் அந்தக் கண்ணைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வா என்பார் அவர். மாட்டத்தான் பார்க்கிறேன். புதுமனை வாசலில் சந்தனம் கொடுத்தார்கள், கற்கண்டு கொடுத்தார்கள், பக்கத்து வீட்டுப் புஷ்பம் நெற்றியில் ஏதோ இட்டாள், ஊத்தம்மன் கோயில் மண் என்றாள், சில்லென்று இருந்தது, அப்போதுகூட நான் வாசல் படியின் சரிவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், மழைத் தண்ணீர் உள்ளே வராது, நன்று.

அணையைப் பற்றிய அறிக்கை கைப்பையில் இருக்கிறது. நாளைக் காலை அனுப்ப வேண்டும். ஓர் அணைக்கு எங்கள் வேலையில் இரண்டு கேள்வி. அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்பது ஒன்று. அது போனால் கூடவே யாரெல்லாம் போவார்கள் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் ஆபத்து வகை என்கிறோம், அதற்கும் அணையின் உடம்புக்கும் சம்பந்தமே கிடையாது, இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் யாருக்கும் ஏறுவதில்லை. பாறை மாதிரி இருக்கிற அணையும் உயர்ந்த ஆபத்து வகையில் வரும், கீழே ஊர் இருந்தால். நாளைக்கே சரியப்போகிற அணையும் தாழ்ந்த வகையில் கிடக்கும், கீழே உடைமரமும் நாலு ஆடும் மட்டும் இருந்தால். மஞ்சணத்தி அப்படித்தான் தாழ்ந்த வகையில் நிம்மதியாகக் கிடந்தது. பிறகு உடைமரத்தை வெட்டி மனைக்கல் நட்டுக் கொடி கட்டினார்கள், டேம் வியூ கார்டன், அணையைப் பார்த்தபடி காப்பி குடிக்கலாம் என்று விளம்பரப் பலகையில் ஒரு பெண் கோப்பையோடு நின்றாள். அணை ஓர் அங்குலம் நகரவில்லை. மனிதர்கள் நகர்ந்து வந்து அதன் காலடியில் உட்கார்ந்துகொண்டார்கள். இந்தத் தெருவில் ஒரு வீட்டில் தொட்டில் கட்டினால் அந்த மேட்டின் வகை மாறிவிடும், மேட்டுக்குத் தெரியாமலேயே. அதனால் வகையை உயர்வு என்று மாற்றிவிட்டேன், அதில் எங்கள் செயற்பொறியாளருக்கும் தகராறில்லை. உடம்பைத்தான் கொஞ்சம் பார்த்துப் போடச் சொன்னார். வகையும் உயர்வு நிலையும் மோசம் என்று சேர்ந்து போனால் தண்ணீரை இறக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வரும், பிசானப் பருவத்து நெல் இப்போதுதான் கதிருக்குப் பொதி தள்ளுகிறது, அத்தனை பேர் வயிற்றெரிச்சலையும் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது என்றார். கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. பரவாயில்லை என்று போட்டேன். நான் பார்த்ததும் அப்படித்தான் இருந்தது.

உப்பு வந்துவிட்டது, இஞ்சிப் பச்சடி வந்துவிட்டது, தடியங்காய்க் கூட்டு வந்துவிட்டது, அதற்குப் பின்னால் வடிவு மதினி வருகிறாள். என் வீட்டுக்காரரின் அக்கா, இந்த வீட்டுக்காரி. வீட்டுக்காரி என்ற சொல்லை இத்தனை வயதில் முதல்முறையாக அவளுக்குச் சொல்கிறேன். வேலாயுதம் அண்ணாச்சியும் அவளும் மளிகைக்கடைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில்தான் குடும்பத்தையே நடத்தி முடித்தார்கள். அந்த வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சட்டம். காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும், காற்றடித்தால் தேதி திரும்பிக்கொள்ளும். நான் தேனிப் பக்கம் ஓர் அணை வேலையில் கிடந்தபோது என் மகன் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் வளர்ந்தான், என்னை அத்தை என்றும் அவளை அம்மா என்றும் கூப்பிட்டுக்கொண்டு, நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அவள் அவனைத் திருத்துவாள், அவன் அழுவான், நான் பஸ் ஏறிய பிறகு அழுவேன். அந்தக் கடன் எல்லாம் தீர்க்கிற மாதிரிக் கடனா. காலையில் புது வீட்டைச் சுற்றிக் காட்டினாள். எல்லாச் சுவரிலும் ஆணி அடித்து வைத்திருக்கிறாள். என்ன மாட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன், ஒன்றுமில்லை, ஆணி இருக்கட்டும் என்றாள். இப்போது என் இலைக்கு முன்னால் வந்து நிற்கிறாள், பட்டுச்சேலை கசங்கிவிட்டது, முகம் முழுக்க வேர்வை, என் தோளில் கையை வைத்துக்கொண்டு எதிர்வரிசைக்குக் கேட்கிற மாதிரிச் சொல்கிறாள்.

“எங்க தம்பி பொண்டாட்டிதான் இந்த அணையப் பாக்கா. உலகம்மான்னா ஆபீசுல எல்லாருக்கும் தெரியும். நாங்க மனை வாங்கினதே அவ இருக்காங்கிற தைரியத்துலதான்.”

எதிர்வரிசை மொத்தமும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. மனை வாங்குவதற்கு முன்னால் அவள் என்னிடம் கேட்கவில்லை, கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறாள், நம் வீட்டுப் பெண்ணே காவல் இருக்கும்போது என்ன கேள்வி. இவள் வாங்கியதைப் பார்த்துப் புஷ்பம் வாங்கியிருப்பாள், புஷ்பத்தைப் பார்த்து எதிரில் உட்கார்ந்திருக்கிற ரிட்டயர்டு வாத்தியார் வாங்கியிருப்பார். அப்படியானால் அந்த மேட்டின் ஆபத்து வகையை உயர்த்தியது மனைக்கல் நட்டவன் மட்டும் இல்லை, என் பெயரும்தான். எந்த அறிக்கையிலும் இதற்கு இடம் கிடையாது. சோறு வைக்கிறார்கள், போதும் போதும் என்று கையை மறிக்கிறேன், மதினி அந்தக் கையை எடுத்துவிட்டு இன்னொரு கரண்டி வைக்கச் சொல்கிறாள், பருப்பு, நெய், சாப்பிடு உலகு, உன் உடம்பைப் பார் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போகிறாள். நெய் வாசனையில் கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சாம்பார் நன்று. அவியலில் தேங்காய் கொஞ்சம் முற்றல், பரவாயில்லை. போன வாரம் நான் அணையடியில் பார்த்தது என்ன, மறுபடி ஒருமுறை வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன், சாப்பிட்டுக்கொண்டே ஒப்பிப்பது என் பழக்கம். மேல்கரையில் வெடிப்பு இல்லை. சரிவில் உப்பல் இல்லை. அடியில் கசிவு உண்டு, அது எப்போதும் உண்டு, மண் அணை என்றால் கசியும், கசியாத மண் அணையை நான் நம்ப மாட்டேன். கசிவு தெளிவாக இருக்கிற வரை அது அணையின் வேர்வை. கலங்கி வந்தால் கதை வேறு. உள்ளே இருக்கிற மண் துகள் துகளாகக் கழன்று தண்ணீரோடு வெளியேறுகிறது என்று அர்த்தம், கழன்ற இடத்தில் ஒரு பொந்து விழும், பொந்து கீழிருந்து மேலே, தண்ணீர் நிற்கிற பக்கம் பார்த்து வளரும், அது தண்ணீரைத் தொடுகிற நாளில் யாருக்கும் யோசிக்க நேரம் இருக்காது. அதனால் நாங்கள் கசிவின் அளவைவிட நிறத்தைத்தான் பார்ப்போம். அந்தக் கசிவு வருகிற இடத்தைத்தான் இந்த நகர்க்காரர்கள் ஊற்று என்று கும்பிட ஆரம்பித்தார்கள், சூலம் நட்டார்கள், ஊத்தம்மன் என்று பெயர் வைத்தார்கள், தண்ணீர் வந்து விழ ஒரு குழாய், குழாய்க்குக் கீழே டைல்ஸ் ஒட்டிய தொட்டி, தொட்டியிலிருந்து தண்ணீர் பிடிக்க ஒரு பித்தளைத் திருகு. அணையடியில் இதெல்லாம் கட்டக் கூடாது என்று எழுதிப் போட்டேன், சாமி விஷயம் என்று அந்தக் காகிதத்தை எவரும் தொடவில்லை. போன வாரம் அந்தத் திருகைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். பளிங்கு. ஒரு வாய் குடித்தும் பார்த்தேன். தொட்டியின் அடிகூடப் பளிச்சென்று இருந்தது, எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று ஜெபராஜிடம் சொன்னேன், அவன் எங்கள் உதவிப் பொறியாளர், ஆமாம் மேடம் வாராவாரம் கழுவுகிறார்கள் என்றான்.

வாராவாரம் கழுவுகிறார்கள். அந்த வார்த்தை ஏன் இப்போது திரும்பி வருகிறது. கழுவட்டுமே, கோயில் என்றால் கழுவத்தான் செய்வார்கள். சாம்பாரைப் பிசைகிறேன். எதிரில் வாத்தியார் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போடுகிறார், குனிந்து நிமிரும்போது அவர் நெற்றியில் அந்த மண் தெரிகிறது. காலையில் இட்டது இப்போது காய்ந்துவிட்டது. காய்ந்து வெடித்திருக்கிறது, குளம் வற்றினால் வெடிக்கிற மாதிரி சின்னச் சின்னக் கட்டங்களாக. அவருக்குப் பக்கத்து அம்மாளுக்கும் அப்படியே. அதற்கடுத்த பையனுக்கும். வரிசை முழுக்கக் கறுப்பாக வெடித்த பொட்டு. இதில் என்ன இருக்கிறது, மண் காய்ந்தால் வெடிக்கும். செம்மண் வெடிக்காது. செம்மண் பொடியாக உதிரும். இந்தப் பக்கம் முழுக்கச் செம்மண், சரளை, கிணறு தோண்டினாலும் சரளைக்குக் கீழே பாறைதான் வரும். வெடிக்கிறது என்றால் கரிசல். கரிசல் இங்கே ஏது. கரிசலுக்குக் கிழக்கே பஸ் பிடித்துப் போக வேண்டும். இந்த வட்டாரத்தில் கரிசல் இருக்கிற ஒரே இடம், வாயில் இருந்த சோறு அப்படியே நின்றது, ஒரே இடம் அந்த மேட்டுக்குள்ளே. அணை கட்டியபோது தண்ணீர் புகாமல் இருக்க நடுவில் கரிசல் வேண்டுமென்று கிழக்கேயிருந்து லாரி லாரியாகக் கொண்டுவந்து அடித்து இறுக்கினார்கள், அதன் மேல் இரண்டு பக்கமும் செம்மண் போர்த்தினார்கள். குறுக்கு வெட்டுப் படம் எனக்குக் கண்ணை மூடினால் தெரியும், நடுவில் கறுப்பாக ஒரு கூம்பு. அதை நாங்கள் அணையின் நெஞ்சு என்போம். அப்பளக் கூடையோடு புஷ்பம் வந்தாள். இந்த மண் எங்கே எடுத்தது என்று கேட்டேன், சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரி கேட்டேன், குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

“அம்மன் தொட்டிலதான் அக்கா. அடியில படியும்லா, வெள்ளிக்கு வெள்ளி கழுவும்போது வழிச்சு எடுப்போம். முன்னெல்லாம் ஒரு சிரட்டை கெடைச்சாப் பெரிசு. கார்த்திகைல இருந்து சட்டி சட்டியா வருது. அம்மன் மனசு குளுந்துட்டான்னு பேசிக்கிடுதாங்க.”

“கறுப்பாவே வருமா?”

“இல்லக்கா, முன்ன செவப்பாத்தான் இருக்கும். இப்பதான் கறுப்பு. கறுப்பு மண்ணு ரொம்ப விசேஷமாம். இந்த வீட்டு வாசக்காலுக்கு அடியிலகூட ஒரு சட்டி போட்டிருக்கு.”

அவள் அப்பளம் வைத்துவிட்டுப் போய்விட்டாள். முன்னே சிவப்பு, இப்போது கறுப்பு. முதலில் போர்வை போயிருக்கிறது, இப்போது நெஞ்சு போகிறது. இல்லை, அப்படி எடுத்தவுடன் முடிவு கட்டக் கூடாது, பூசாரி வேறு எங்கிருந்தாவது நல்ல மண்ணாகக் கொண்டுவந்து தொட்டியில் போட்டிருக்கலாம், கறுப்பு விசேஷம் என்று சொல்கிறவன் கறுப்புக்கு ஏற்பாடு செய்யாமலா இருப்பான். அப்படித்தான் இருக்கும். அப்படியே இருக்கட்டும், ஊத்தம்மா, அவன் திருட்டுப் பயலாக இருக்கட்டும், நான் வேண்டிக்கொள்வது எந்த லட்சணத்தில் இருக்கிறது பார். சட்டி சட்டியாக. தொட்டியில் விழுந்து மண் அடியில் தங்கிவிடுகிறது, தெளிந்த தண்ணீர் திருகு வழியாக வருகிறது, தங்கிய மண்ணை வெள்ளிக்கிழமை பக்தியோடு வழித்து எடுத்துவிடுகிறார்கள், சனிக்கிழமை நான் போய்ப் பளிச்சென்று இருக்கிறது என்று பாராட்டுகிறேன். தொட்டிக்கு மேலே அந்தக் குழாயிலேயே பாட்டிலைப் பிடித்திருக்க வேண்டும். கல்லூரிப் பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இது. இடது கை தானாக நெற்றிக்குப் போனது. என்னுடையதும் காய்ந்திருந்தது, சுரண்டினால் சில்லாகப் பெயர்ந்தது. இலை ஓரத்தில் தெளித்த தண்ணீரில் அதைத் தொட்டு, இடதுகை விரல்களுக்கு நடுவில் உருட்டினேன். மண்ணைச் சோதிக்கிறவர்கள் முதலில் செய்வது இதுதான், நனைத்துத் திரி திரிப்பது. செம்மண் என்றால் திரியாது, பாதியில் உதிர்ந்துவிடும். கரிசல் என்றால் நூலாக வரும். மேசை விரிப்பில் வைத்து விரல் நுனியால் உருட்டினேன், பக்கத்து இலைக்காரர் பார்க்கிறாரா என்று ஒரு கண், இவளுக்கு என்ன ஆயிற்று, பந்தியில் உட்கார்ந்து அழுக்குத் திரட்டுகிறாள் என்று நினைப்பார். நூலாக வந்தது. இன்னும் உருட்டினேன், இன்னும் மெல்லிசாக வந்தது, உடையவில்லை. உடைந்துவிடு என்று அதைப் பார்த்துச் சொன்னேன், மனதுக்குள்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அது சேமியா மாதிரி விரிப்பின் மேல் வளைந்து கிடந்தது.

ரசம் வந்தது, ஊற்றிவிட்டுப் போனார்கள். எழுந்திருக்க வேண்டும். பந்தியில் நடுவில் எழுந்திருக்கக் கூடாது. எல்லோரும் முடிக்கும்வரை கையைக் காயவிட்டுக்கொண்டாவது உட்கார்ந்திருக்க வேண்டும், ஒருத்தி எழுந்தால் வரிசையே கலைந்துவிடும், வீட்டுக்காரிக்கு அதைவிட அவமானம் கிடையாது, அதுவும் புதுமனையில், அதுவும் சொந்தத் தம்பி பெண்டாட்டி. பாயசம் இன்னும் வரவில்லை. பாயசம், மோர், அவ்வளவுதான், ஒரு கால்மணி நேரம் பொறுத்தால் கௌரவமாக எழுந்து, கையைக் கழுவி, ஓரமாகப் போய் ஜெபராஜைக் கூப்பிடலாம். கார்த்திகையிலிருந்து தாங்கிய அணை கால்மணி தாங்காதா. தாங்கும். அநேகமாகத் தாங்கும். அநேகமாக என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் பரவாயில்லை போட்டேன். என் கணக்குத் தப்பாக இருந்தால் என்ன ஆகும், அதையும் பார்த்துவிடலாம். பூசாரி கொண்டுவந்து போட்ட மண் என்று தெரிந்தால் ஊரே சிரிக்கும், நெற்றிப் பொட்டைப் பார்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்ட மேடம் என்று கடைசிவரை சொல்வார்கள், பிசானக்காரர்கள் அலுவலக வாசலில் வந்து உட்காருவார்கள், செயற்பொறியாளர் பேச மாட்டார், இந்தத் தெருவில் மனை விலை விழும், மதினி என் முகத்தில் விழிக்க மாட்டாள். இதெல்லாம் என்றாவது ஒருநாள் சரியாகப் போகும், அல்லது போகாது, ஆனால் எல்லோரும் இருப்பார்கள், கோபப்படுவதற்காவது இருப்பார்கள். கணக்கு சரியாக இருந்தால். அந்தப் பக்கம் என்னால் யோசிக்க முடியவில்லை, யோசனை வாத்தியாரின் இலைவரை போய் நின்றுவிடுகிறது, அவருக்குப் பக்கத்துப் பையன் சாதத்தில் குழி செய்து ரசத்தைத் தேக்கிக்கொண்டிருக்கிறான், கரையை விரலால் கட்டுகிறான், ரசம் ஓரிடத்தில் ஒழுகுகிறது, அங்கே சோற்றை வைத்து அடைக்கிறான், இன்னோர் இடத்தில் ஒழுகுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ அணையின் மேல் நடந்திருக்கிறேன், இடி மின்னலில் மதகு திறந்திருக்கிறேன், இப்படிப் பயந்ததில்லை. அப்போதெல்லாம் நான் அணையின் மேலே நின்றேன், கீழே இருந்தவர்கள் வகையாக இருந்தார்கள், உயர்வு, நடு, தாழ்வு. இப்போது நான் அந்த வகைக்குள் உட்கார்ந்து ரசம் சாப்பிடுகிறேன். பாயச வாளி வரிசையின் தலைமாட்டுக்கு வந்துவிட்டது. என்னைத் தாண்டிப் போகட்டும் என்று ஒரு மனம் சொன்னது. எழுந்துவிட்டேன்.

நாற்காலி சத்தமாகப் பின்னால் போனது. வேலாயுதம் அண்ணாச்சி ஓடி வந்து என்ன குறை, சோறு வேகலியா, யாரும் எதுவும் சொன்னார்களா என்று கேட்டார், ஒன்றுமில்லை அண்ணாச்சி என்று சொல்லிக்கொண்டே கை கழுவுகிற இடத்துக்குப் போனேன், ரசக்கையோடு செல்லை எடுத்தேன். ஜெபராஜ் நல்லவேளையாக அணையில்தான் இருந்தான். ஊத்தம்மன் தொட்டிக்கு ஓடு, குழாயைத் தொட்டியில் விழாமல் வெளியே திருப்பு, குழாய் வாயில் உன் தோளில் எப்போதும் கிடக்கிற வெள்ளைத் துண்டைக் கட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவிழ்த்துப் பார்த்து என்ன நிறம் என்று சொல், செல்லை வைக்காதே என்றேன். அவன் ஓடுகிற சத்தம் கேட்டது, செருப்புச் சத்தம், மூச்சு, பிறகு தண்ணீர்ச் சத்தம். நான் சின்ன வயதிலிருந்து கும்பிட்ட எந்தச் சாமியும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை, தண்ணீர்ச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். மேடம் என்றான். சொல்லு என்றேன். துண்டு கறுத்துவிட்டது மேடம் என்றான், பிழிந்தால் கை வழுக்குகிறது என்றான். அதற்குப் பிறகு பேசியது நான் இல்லை, என் வேலை பேசியது. ஆற்று மதகைத் திற, ஒரேயடியாகத் தூக்காதே, தண்ணீர் மளமளவென்று இறங்கினால் அந்தப் பக்கத்து மேல்சரிவு விழுந்துவிடும், படிப்படியாகத் தூக்கு. ஊற்றை அடைக்காதே, யார் சிமெண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் விடாதே, தண்ணீர் வரட்டும், மண் வரக் கூடாது, மணலைக் கொட்டு, அதன் மேல் சல்லியைக் கொட்டு, ஆள் கூப்பிடு. செயற்பொறியாளர் சாரிடம் கேட்க வேண்டாமா மேடம் என்றான். நான் சொல்லிக்கொள்கிறேன், நீ திற என்றேன். திரும்பினால் வடிவு மதினி பாயசக் கரண்டியோடு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கேட்டிருப்பாள். முகத்தில் கோபம் இல்லை, அவள் என் மகனை முதன்முதல் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது இருந்த முகம் அது. புதுமனை புகுந்த வீட்டில் முதல் ராத்திரி குடும்பத்தோடு அங்கேதான் படுக்க வேண்டும், விளக்கு விடியும்வரை அணையக் கூடாது, அதற்காகப் பாய்கூடப் புதிதாக வாங்கி வைத்திருக்கிறாள். நான் சொல்லப் போவதைவிட மோசமான வார்த்தையை இந்த நாளில் யாரும் இவளுக்குச் சொல்லியிருக்க முடியாது.

“மதினி, இன்னைக்கு ராத்திரி இங்க யாரும் படுக்க வேண்டாம். இந்தத் தெருவே வேண்டாம். இப்பவே எல்லாரும் மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போயிரணும்.”

“எத்தன நாளைக்கு?”

“தெரியல மதினி.”

அவள் பந்தலைப் பார்த்தாள். “பாதிப்பேரு இன்னும் சாப்பிடலியே உலகு. சாப்பிட்டு எந்திரிக்கட்டுமா?”

“வேண்டாம் மதினி. இப்பவே.”

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். கரண்டியை வாளியில் வைத்துவிட்டு, பந்தலுக்குள் போய், வரிசை வரிசையாக ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எழுந்திருக்கச் சொன்னாள், இன்னும் சோறு வைக்க வந்தவள் மாதிரியே தொட்டாள். யாரோ சத்தம் போட்டார்கள், அண்ணாச்சி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், என் வீட்டுக்காரர் அவரைத் தூக்கிக்கொண்டிருந்தார், புஷ்பம் அவள் மாமியாரைக் கூப்பிட ஓடினாள். நான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன், அதற்கடுத்ததைத் தட்டினேன், தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தபோது தெருவில் பாதிப் பேர் மேட்டுத்தெருவைப் பார்க்க நடக்க ஆரம்பித்திருந்தார்கள். மதினி மட்டும் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதை அணைக்க அவளுக்குக் கை வரவில்லை. கதவின் இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சாத்தினாள், நாதாங்கியைப் போட்டாள், அதில் கையை வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“பூட்டு இன்னும் வாங்கலியேட்டி” என்றாள்.